‘ஹேவ்’ என்ற ஆங்கில வினைச்சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கிய நாள் முதல், ‘ஹேவ்’ என்ற ஒரே சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் ஐயங்களைக் குறித்து வைத்து வந்தேன். பள்ளி மாணவர் கேட்பதும், பல ஆண்டுகளாக அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதி வருபவர் கேட்பதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தந்திருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னுமாக வருகின்றன.

எழுத்தைப் பற்றி ஒரு குறிப்பு. ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ என்று வசதிக்காக எழுதுகிறேன். உண்மையான உச்சரிப்பில் அந்த உயிரொலி நீண்ட ஏகாரம் அன்று. வாயைச் சற்று அகலத் திறந்து, எகரத்துக்கும் அகரத்துக்கும் இடைப்பட்டதாக ஒலிப்பது. ‘ஹேட்’ என்று இங்கே வருவதெல்லாம் ‘ஹேவ்’ என்பதன் இறந்தகால வடிவமே; வெறுப்பைக் குறிக்கும் சொல் அன்று.

‘ஹேவ்’ என்றால் தமிழில் என்ன? ‘வைத்திரு’ என்று எழுதிக்கொள்ளலாமா?

சில வாக்கியங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். ‘அவர் இரண்டு கார் வைத்திருக்கிறார்’ என்பது இயல்பான தமிழ். ‘நான் காய்ச்சலை வைத்திருக்கிறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘அவர் இரண்டு தங்கைகளை வைத்திருக்கிறார்’ என்றால் கேட்பவர் முகம் சுளிப்பார். ஆங்கிலத்திலோ காருக்கும் காய்ச்சலுக்கும் தங்கைக்கும் ‘ஹேவ்’ ஒன்றே போதும்.

தமிழில் இந்த வேலையைப் பெரும்பாலும் ‘இரு’ என்ற வினைதான் செய்கிறது. ‘என்னிடம் பேனா இருக்கிறது’, ‘எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்’, ‘எனக்குக் காய்ச்சல் இருக்கிறது’ என்ற மூன்றையும் பாருங்கள். எடுத்துக் கொடுக்கக்கூடிய பொருளுக்கு ‘என்னிடம்’ என்கிறோம். உறவு, நோய், உரிமை போல நம்மோடு ஒட்டியிருப்பவற்றுக்கு ‘எனக்கு’ என்கிறோம். இந்த நுட்பமான வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. அதைவிட முக்கியமானது, தமிழில் பேனாவும் தங்கையும் காய்ச்சலும் எழுவாயாக நிற்கின்றன. ஆங்கிலத்தில் ‘நான்’ எழுவாயாகிவிடுகிறேன். இந்த இடமாற்றத்தைப் பிடித்துக்கொண்டவருக்கு ‘ஹேவ்’ பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

பழந்தமிழில் ‘உடையேன்’, ‘உடையான்’ என்று உடையவரையே எழுவாயாகக் கொண்ட வடிவங்கள் இருந்தன. ‘அறிவுடையவர்’, ‘பொருளுடையவர்’ போன்ற சொற்களில் இன்றும் அந்த வேர் வாழ்கிறது. ஆனால் அன்றாடப் பேச்சில் ‘நான் ஒரு பேனா உடையேன்’ என்பது வழக்கொழிந்துவிட்டது.

‘ஹேவ்’ எங்கே, ‘ஹேஸ்’ எங்கே? ‘டஸ் ஷி ஹேஸ்’ என்று எழுதினால் ஏன் அடித்துத் திருத்துகிறார்கள்?

அவன், அவள், அது, அல்லது ஒருமைப் பெயர் எழுவாயாக வரும் நிகழ்கால வாக்கியத்தில் ‘ஹேஸ்’. மற்ற எல்லா எழுவாய்க்கும் ‘ஹேவ்’. இறந்தகாலத்தில் எல்லோருக்கும் ‘ஹேட்’ மட்டுமே.

‘டஸ்’ வந்துவிட்டால், ஒருமையைக் காட்டும் அடையாளத்தை அதுவே சுமந்துகொள்கிறது. முதன்மை வினை வெறும் ‘ஹேவ்’ ஆக நிற்கும். எனவே ‘டஸ் ஷி ஹேவ் எ கார்’ என்பதே சரி. ‘கேன்’, ‘வில்’, ‘ஷுட்’, ‘மஸ்ட்’ போன்ற சொற்களுக்குப் பின்னும் இதே நிலைதான்: ‘ஷி மஸ்ட் ஹேவ்’, ஒருபோதும் ‘ஷி மஸ்ட் ஹேஸ்’ அன்று.

‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்று சொல்லக் கூடாதாமே, ஏன்?

ஆங்கிலத்தில் ‘இங்’ ஈறு, நடந்துகொண்டிருக்கும் செயலைக் காட்டுகிறது. சகோதரர்கள் இருப்பது செயல் அன்று, நிலை. இதற்கு நம் மொழியிலேயே ஒரு சோதனை உண்டு. வாக்கியத்தைத் தமிழில் ‘கொண்டிரு’ சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ‘எனக்கு இரண்டு அண்ணன்கள் இருந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று யாராவது சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள் என்றால் ஆங்கிலத்திலும் ‘ஹேவிங்’ கூடாது. ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’ என்பதே முறை.

‘வைத்திருக்கிறேன்’ என்பதில் ‘இருக்கிறேன்’ ஒலிப்பதால், தொடர்ந்து நடப்பதுபோல ஒரு மயக்கம் ஏற்பட்டு ‘ஆம் ஹேவிங்’ பிறக்கிறது என்பது என் கணிப்பு. வைத்திருத்தலும் ஒரு நிலைதான்.

அப்படியானால் ‘ஹேவிங்’ என்றாலே தப்பா?

இல்லை. இதைத் தப்பு என்று ஒரேயடியாக ஒதுக்கியவர்கள், சரியான இடத்தில்கூட அதைச் சொல்ல அஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன். ‘ஹேவ்’ என்பது உண்ணுதல், நடத்துதல், அனுபவித்தல் போன்ற செயல்களைக் குறிக்கும்போது ‘ஹேவிங்’ முற்றிலும் இயல்பானது. ‘வீ ஆர் ஹேவிங் பிரேக்ஃபாஸ்ட்’ என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். ‘தே ஆர் ஹேவிங் எ மீட்டிங்’ என்றால் கூட்டம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். மேலே சொன்ன ‘கொண்டிரு’ சோதனையில் இரண்டும் தேறுகின்றன.

ஒரு சிறிய மாற்றம் பொருளை எவ்வளவு நகர்த்துகிறது என்பதற்கு ஒரு சோடி. ‘ஷி ஹேஸ் எ பேபி’ என்றால் அவளுக்குக் குழந்தை இருக்கிறது. ‘ஷி இஸ் ஹேவிங் எ பேபி’ என்றால் அவள் கருவுற்றிருக்கிறாள், அல்லது இந்த நேரத்தில் பிரசவம் நடந்துகொண்டிருக்கிறது.

‘ஐ ஹேவ் எ பென்’, ‘ஐ ஹேவ் காட் எ பென்’: இரண்டும் ஒன்றா?

பொருள் ஒன்றே. ‘ஹேவ் காட்’ பேச்சில் மிகுதியாக வரும். பிரிட்டனில் கூடுதலாகக் கேட்கலாம். ஆனால் அது ‘இருக்கிறது’ என்ற நிகழ்கால உடைமைக்கே உரியது. உணவு உண்பதற்கும் கூட்டம் நடத்துவதற்கும் ‘காட்’ சேர்க்கக் கூடாது. கேள்வியாக்கினால் ‘ஹேவ் யு காட் எ பென்’ அல்லது ‘டு யு ஹேவ் எ பென்’ என்று வரும். ‘ஹேவ் யு எ பென்’ என்பது பழைய பிரிட்டிஷ் வழக்கு. பிழை அன்று, ஆனால் இன்று அரிது.

அமெரிக்கர்கள் ‘காட்டன்’ என்று சொல்வதைக் கேட்டுச் சிலர் திகைக்கிறார்கள். அவர்களிடம் ‘ஐ ஹேவ் காட் எ கார்’ என்றால் கார் இருக்கிறது. ‘ஐ ஹேவ் காட்டன் எ கார்’ என்றால் கார் வாங்கியிருக்கிறேன், கிடைத்திருக்கிறது.

‘ஐ ஹேவ் கம்’ என்பதில் என்னிடம் எந்தப் பொருளும் இல்லையே? அங்கே ‘ஹேவ்’ எதற்கு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதற்கான விடை நம் மொழியிலேயே இருக்கிறது. ‘நான் வந்திருக்கிறேன்’ என்பதைப் பிரித்தால் ‘வந்து இருக்கிறேன்’. உடைமையைச் சொல்லும் ‘இரு’ என்ற அதே வினை, இன்னொரு வினைக்குத் துணையாக வந்து, முடிந்த செயலின் விளைவு இன்னும் நிலைத்திருப்பதைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ செய்வதும் இதுவே. உடைமைக்கு ஒரு வினை, அதுவே முடிந்த செயலுக்குத் துணைவினை என்ற ஏற்பாடு இரண்டு மொழிகளிலும் அமைந்திருக்கிறது. அவர்கள் ‘ஹேவ்’ வைத்த இடத்தில் நாம் ‘இரு’ வைத்தோம். இதனால் பல வடிவங்களை நேருக்கு நேர் நிறுத்திவிடலாம். வந்திருக்கிறேன் என்றால் ‘ஹேவ் கம்’. வந்திருந்தேன் என்றால் ‘ஹேட் கம்’. வந்திருப்பேன் என்றால் இடத்துக்கேற்ப ‘வில் ஹேவ் கம்’ அல்லது ‘வுட் ஹேவ் கம்’. வந்திருக்க வேண்டும் என்றால் ‘மஸ்ட் ஹேவ் கம்’ அல்லது ‘ஷுட் ஹேவ் கம்’.

ஆங்கிலத்தில் இது எப்படி உருவானது என்பதும் தெளிவாகத் தெரிந்த செய்தி. தொடக்கத்தில் ‘ஐ ஹேவ் த லெட்டர் ரிட்டன்’ என்ற அமைப்பு இருந்தது. எழுதி முடிக்கப்பட்ட நிலையில் கடிதம் என்னிடம் இருக்கிறது என்பது அதன் பொருள். பழைய ஆங்கிலத்தில் ‘எழுதப்பட்ட’ என்ற அந்தச் சொல், கடிதத்துக்கு ஏற்ப ஈறு மாறிக்கூட வந்தது. நாளடைவில் கவனம் கடிதத்திலிருந்து எழுதியவர் பக்கம் திரும்ப, ‘ஐ ஹேவ் ரிட்டன் த லெட்டர்’ என்ற வரிசை நிலைபெற்று, உடைமைப் பொருள் கரைந்துபோனது. ‘கம்’, ‘கோ’ போன்ற வினைகள் வெகுகாலம் ‘இஸ்’, ‘ஆர்’ என்பவற்றோடு வந்துவிட்டுப் பிறகே ‘ஹேவ்’ பக்கம் வந்தன. ‘ஹீ இஸ் கான்’ (அவர் போய்விட்டார்) என்று இன்றும் சொல்வது அந்தப் பழைய வழக்கின் மிச்சம்.

பிரசென்ட் பெர்ஃபெக்ட், அதாவது ‘ஹேவ் கம்’ போன்ற வடிவம், என்றால் ‘இருக்கிறேன்’ என்றுதானே சொன்னீர்கள்? ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ ஏன் பிழை?

முந்தைய விடையில் சொன்ன ஒற்றுமை முறியும் இடம் இது. தமிழில் ‘நேற்று இரவு மழை பெய்திருக்கிறது’ என்று சொல்கிறோம். காலையில் கதவைத் திறக்கிறோம், முற்றம் நனைந்திருக்கிறது. நேரில் பார்க்காத ஒன்றை, அதன் அடையாளத்தைக் கொண்டு ஊகித்துச் சொல்வதற்கும் நம் ‘இருக்கிறது’ பயன்படுகிறது. அப்போது ‘நேற்று’ என்ற சொல் அதனோடு உறுத்தலின்றி நிற்கிறது.

ஆங்கில ‘ஹேவ்’ அந்த ஊகப் பொருளை ஏற்பதில்லை. முடிந்துபோன காலத்தைச் சுட்டும் சொல்லோடு சேர்வதும் இல்லை. ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் நைட்’, ‘இன் 2015’ என்று வந்தால் சாதாரண இறந்தகாலம்தான்: ‘ஐ சா ஹிம் யெஸ்டர்டே’. ஈர முற்றத்தைப் பார்த்து ஊகிப்பதாக இருந்தால் ‘இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’. எப்போது என்பதைச் சொல்லாதபோதும், ‘டுடே’, ‘திஸ் வீக்’ போல இன்னும் முடியாத காலத்தைச் சொல்லும்போதும் ‘ஹேவ் சீன்’ தடையின்றி வரும்.

‘2015 முதல் இங்கே வேலை செய்கிறேன்’ என்பதை ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015’ என்று எழுதுகிறேன். திருத்துகிறார்கள். வேலை இன்னும் நடக்கிறதே?

நடக்கிறது. தமிழ் அந்த நடப்பைப் பார்த்து ‘செய்கிறேன்’ என்று நிகழ்காலம் தருகிறது. ஆங்கிலம் 2015இல் தொடங்கி இன்றுவரை நீளும் கோட்டைப் பார்க்கிறது. தொடக்கத்தையும் இன்றையும் கட்டி இணைக்கும் வேலை ‘ஹேவ்’ உடையது. ஆகவே ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015’. தொடங்கிய நேரத்தைச் சொன்னால் ‘சின்ஸ்’, நீண்ட அளவைச் சொன்னால் ‘ஃபார்’: ‘ஃபார் டென் இயர்ஸ்’. தமிழ் மனம் இங்கே எத்தனை ஆண்டு பழகினாலும் நிகழ்காலத்துக்கே இழுக்கும். ‘சின்ஸ்’ என்று எழுதும் ஒவ்வொரு முறையும் வினையைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

‘ஹேஸ் கான்’, ‘ஹேஸ் பீன்’: இரண்டுமே ‘போயிருக்கிறார்’தானே?

‘ஹீ ஹேஸ் கான் டு லண்டன்’ என்றால் போயிருக்கிறார், இன்னும் திரும்பவில்லை. ‘ஹீ ஹேஸ் பீன் டு லண்டன்’ என்றால் போய் வந்திருக்கிறார். தமிழில் ‘வந்து’ என்ற சொல் காட்டும் வேறுபாட்டை ஆங்கிலம் வினையை மாற்றிக் காட்டுகிறது.

‘ஹேவ் டு’, ‘மஸ்ட்’ இரண்டும் ‘வேண்டும்’ என்றால், ‘டோண்ட் ஹேவ் டு’, ‘மஸ்ட் நாட்’ இரண்டும் ‘வேண்டாம்’தானே?

இல்லை, இங்கே தவறினால் பொருள் தலைகீழாகும். ‘யு டோண்ட் ஹேவ் டு கம்’ என்றால் வர வேண்டியதில்லை; வந்தாலும் குற்றமில்லை. ‘யு மஸ்ட் நாட் கம்’ என்றால் வரக் கூடாது. நம் ‘வர வேண்டாம்’ இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது; சொல்பவரின் குரலைப் பொறுத்துச் சலுகையாகவும் தடையாகவும் ஒலிக்கும். எனவே ‘வேண்டாம்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதுமுன், ‘தேவையில்லை’ என்கிறோமா ‘கூடாது’ என்கிறோமா என்று முதலில் தமிழிலேயே முடிவு செய்ய வேண்டும்.

உடன்பாட்டில் ‘ஹேவ் டு’ பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் கட்டாயம். ‘வர வேண்டியிருக்கிறது’ என்பது அதற்கு மிக நெருங்கிய தமிழ். இங்கும் அதே ‘இரு’ வந்து நிற்பதைக் கவனியுங்கள். ‘மஸ்ட்’ என்பதற்குத் தனி இறந்தகாலம் இல்லாததால், ‘போக வேண்டியிருந்தது’ என்று சொல்ல ‘ஹேட் டு கோ’ ஒன்றே வழி. உச்சரிப்பில் ‘ஹேவ் டு’ என்பது ‘ஹேஃப் டு’ என்றே ஒலிக்கும்.

ஒரு வாக்கியத்தில் ‘ஹேட் ஹேட்’ என்று இரண்டு முறை வந்திருந்தது. அச்சுப்பிழையா?

பிழை அன்று. முதல் ‘ஹேட்’ துணைவினை, நம் ‘இருந்தேன்’. இரண்டாவது முதன்மை வினையின் மூன்றாம் வடிவம், வகுப்பில் ‘வி த்ரீ’ என்று சொல்வார்களே, அது. ‘ஐ ஹேட் ஹேட் லஞ்ச் பிஃபோர் ஹீ கேம்’ என்றால் அவர் வருவதற்கு முன்பே நான் சாப்பிட்டிருந்தேன். ‘சாப்பிட்டு’ என்ற இடத்தில் இரண்டாவது ‘ஹேட்’, ‘இருந்தேன்’ என்ற இடத்தில் முதல் ‘ஹேட்’ என்று பொருத்திக்கொண்டால் திகைப்பு நீங்கும். பேச்சில் முதலாவது சுருங்கி, ‘ஐ’ என்பதோடு ஒட்டிய வெறும் ‘ட்’ ஒலியாகிவிடும்.

‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’ என்பதை எப்படிச் சொல்வது? ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்’ என்றுதானே கேட்கிறோம்?

கேட்கிறோம், ஆனால் எழுத்து வழக்கில் அது பிழையாகவே கொள்ளப்படுகிறது. முறையான வடிவம் ‘இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்’. தமிழ் வாக்கியத்தை உற்றுப் பாருங்கள்: தெரிந்து + இருந்தால், வந்து + இருப்பேன். முதல் பாதியில் இறந்தகால ‘இருந்து’, அதற்கு ஈடாக ‘ஹேட்’. இரண்டாம் பாதியில் எதிர்கால வடிவிலான ‘இருப்பேன்’, அதற்கு ஈடாக ‘வுட் ஹேவ்’. தமிழர் ஒருவர் இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. ‘இருந்தால்’ என்று கேட்கும் பக்கத்தில் ‘வுட்’ வராது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

‘வுட் ஹேவ்’ பேச்சில் ‘வுடவ்’ என்று சுருங்குவதால், அதை ‘வுட் ஆஃப்’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடமும் இந்தப் பிழை பரவலாக உண்டு. அங்கே ‘ஆஃப்’ என்பதற்கு இடமே இல்லை.

‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்றால் நானே வெட்டிக்கொண்டேன் என்றா பொருள்?

இதை மூன்று வாக்கியங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ‘ஐ கட் மை ஹேர்’ என்றால் கத்தரிக்கோல் என் கையில் இருந்தது. ‘ஐ ஹேட் கட் மை ஹேர்’ என்றால் அப்போதும் கத்தரிக்கோல் என் கையில்தான். ஆனால் பேச்சில் இருக்கும் இன்னொரு நிகழ்ச்சிக்கு முன்பே வெட்டியிருந்தேன். ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்றால் கத்தரிக்கோல் வேறொருவர் கையில், நான் வெட்டுவித்தேன். இந்தக் கடைசி இரண்டிலும் சொற்கள் ஒன்றே, ‘கட்’ நின்ற இடம் மட்டும் மாறியது. ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்ற நம் வாக்கியம் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் பொதுவாக வருவதால்தான் குழப்பம் நேர்கிறது.

ஆளைச் சொல்ல வேண்டுமானால் ‘ஐ ஹேட் ஹிம் ரிப்பேர் இட்’: அவரைக் கொண்டு பழுது பார்க்கச் செய்தேன். இதில் ‘டு’ வராது. இதே பொருளில் ‘கெட்’ வந்தால் ‘டு’ வரும்: ‘ஐ காட் ஹிம் டு ரிப்பேர் இட்’. இன்னொன்று: ‘ஐ ஹேட் மை ஃபோன் ஸ்டோலன்’ என்றால் திருடச் செய்தேன் என்று எவரும் கொள்வதில்லை, என் கைபேசி திருடுபோனது. நாம் வேண்டிச் செய்வித்ததா, நமக்கு நேர்ந்ததா என்பதைச் செய்தியே முடிவு செய்யும்.

‘யு ஹேட் பெட்டர் கோ’ என்பதில் ‘ஹேட்’ இருக்கிறது. அப்படியானால் இறந்தகாலமா?

வடிவம்தான் இறந்தகாலம், பொருள் இப்போதைக்குரிய அறிவுரை. ‘நீங்கள் போய்விடுவது நல்லது’ என்று பொருள். ‘பெட்டர்’ என்பதற்குப் பின் ‘டு’ வராது. எதிர்மறை ‘ஹேட் பெட்டர் நாட் கோ’. ‘போகாவிட்டால் கெடுதல்’ என்ற எச்சரிக்கை இதில் மறைந்திருப்பதால், மேலதிகாரியிடமோ முன்பின் அறியாதவரிடமோ இதைச் சொல்வதைத் தவிர்ப்பேன். அங்கே ‘ஷுட்’ போதும்.

சுருக்கமாக ‘ட்’, ‘ஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது ‘ஹேட்’டா ‘வுட்’டா, ‘ஹேஸ்’ஸா ‘இஸ்’ஸா?

அடுத்து வரும் சொல்லைப் பாருங்கள். ‘ட்’ என்பதற்குப் பின் மூன்றாம் வடிவம் வந்தாலும் ‘பெட்டர்’ வந்தாலும் ‘ஹேட்’. ‘கோ’ போல வெறும் வினை வந்தால் ‘வுட்’. ‘ஸ்’ என்பதற்குப் பின் ‘பீன்’, ‘காட்’ வந்தால் ‘ஹேஸ்’. ‘இங்’ ஈறோ பெயரோ பண்போ வந்தால் ‘இஸ்’.

‘ஹேவிங் ஃபினிஷ்ட் த வொர்க்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

இந்த ‘ஹேவிங்’ உடைமையும் அன்று, மேலே சொன்ன தொடர்நிகழ்வும் அன்று. இது நம் ‘முடித்துவிட்டு’ என்ற வினையெச்சத்தின் ஆங்கில ஈடு: ‘ஹேவிங் ஃபினிஷ்ட் த வொர்க், ஷி வென்ட் ஹோம்’, வேலையை முடித்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள். முடித்தவரே அடுத்த வினைக்கும் எழுவாயாக இருக்க வேண்டும் என்பது இதன் கட்டாயம். ‘ஹேவிங் ஃபினிஷ்ட் த வொர்க், த லைட்ஸ் வேர் டர்ன்ட் ஆஃப்’ என்று எழுதினால் வேலையை விளக்குகளே முடித்ததாகிவிடும்.

தமிழ் இலக்கணமும் இதையே கேட்கிறது. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின், அதாவது அந்தச் செயலைச் செய்தவரின், வினையைக் கொண்டே முடிய வேண்டும் என்பது தொல்காப்பியம் தரும் விதி. ‘வேலையை முடித்துவிட்டு விளக்குகள் அணைந்தன’ என்பது உங்கள் காதில் உறுத்துகிறது என்றால், அந்த ஆங்கில வாக்கியத்தையும் அதே காதைக் கொண்டே திருத்திவிடலாம்: ‘ஹேவிங் ஃபினிஷ்ட் த வொர்க், ஷி டர்ன்ட் ஆஃப் த லைட்ஸ்’.